செலவாகாத வெளிச்சம்

பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்துப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். நல்ல வெயில் நாளில் காலையில் தெளித்தால் மாலைக்குள் புல் தீய்ந்து தொங்கும். மேகமூட்டமான நாளில் அதே மருந்து மந்தமாக வேலை செய்யும். தெளித்த செடியை இருட்டறையில் வைத்தால் நெடுநேரம் பச்சையாகவே நிற்கும். ஒளிச்சேர்க்கையின்போது இலைக்குள் ஓடும் எலெக்ட்ரான்களை வழிமறித்து, பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் மேல் ஏற்றிவிடுவதுதான் பாராகுவாட் செய்யும் காரியம். எலெக்ட்ரான் ஏறிய ஆக்சிஜன் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என்று பார்க்காமல் சிதைக்கத் தொடங்கும். மருந்து வழியைத் திறந்துவிடுகிறது. எரிக்கிற வேலையை வெயில் பார்த்துக்கொள்கிறது.

வறட்சியைப் பற்றிப் பேசவந்து களைக்கொல்லியில் தொடங்கக் காரணம் இருக்கிறது. மழை பொய்த்த வயலில், யாரும் எதையும் தெளிக்காமலே, பயிரின் இலைக்குள் கிட்டத்தட்ட இதே விபத்துதான் நடக்கிறது. தண்ணீர் இல்லாததால் பயிர் காய்ந்தது என்று சொல்கிறோம். அது பாதிக் கணக்கு. செலவழிக்க முடியாத வெளிச்சத்தால் பயிர் எரிந்தது என்பது மீதிப் பாதி.

இலைத்தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் அவற்றின் வழியாகத்தான். இந்தப் பண்டமாற்றில் செடிக்கு நஷ்டம் அதிகம்: ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உள்ளே வந்துசேர்வதற்குள் சில நூறு நீர் மூலக்கூறுகள் வெளியேறிவிடும். மண்ணில் ஈரம் இருக்கும்வரை அது பெரிய விஷயமில்லை. ஈரம் குறையத் தொடங்கியதும் செடியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. அந்த ஹார்மோனை அடையாளம் கண்டு ஏற்கும் புரதம் எது என்பது வெகுகாலம் பிடிபடாமல் இருந்தது. 2009இல் கலிஃபோர்னியாவில் ஷான் கட்லரின் குழுவும் மியூனிக்கில் எர்வின் கிரில்லின் குழுவும் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தன. ஹார்மோன் அந்தப் புரதத்தில் போய் உட்கார்ந்ததும், அதுவரை முடக்கிவைக்கப்பட்டிருந்த சில நொதிகள் விடுபடுகின்றன. துளையின் இருபுறமும் இருக்கும் காப்புச் செல்களிலிருந்து உப்பு அயனிகள் வெளியேறுகின்றன. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. செல்கள் தளர, துளை மூடிக்கொள்கிறது.

தண்ணீர் மிச்சமாகிறது, சரி. ஆனால் கதவை மூடியதால் கார்பன் டை ஆக்சைடும் வரவில்லை. வெளிச்சத்தை வாங்கும் பச்சையம் மட்டும் கடையை மூடவில்லை. அரவை மில்லில் இயந்திரத்தை நிறுத்த வழியும் இல்லை, பிடிக்கச் சாக்கும் இல்லை என்றால் மாவு தரையெல்லாம் கொட்டுமல்லவா, இலையின் நிலை அப்படி ஆகிறது. வெளிச்சம் தள்ளிவிட்ட எலெக்ட்ரான்களை வாங்கிச் சர்க்கரையாக்கக் கார்பன் இல்லாததால், அவற்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் மேல் சிந்துகிறது. பசுங்கணிகங்கள் இப்படி ஆக்சிஜனுக்கு எலெக்ட்ரானைக் கொடுக்கின்றன என்பதை 1951இலேயே ஆலன் மெஹ்லர் காட்டிவிட்டார். அதன் முதல் விளைபொருள் சூப்பர் ஆக்சைடு என்பதையும், சாதாரண நாளிலும் இது ஓரளவு நடந்துகொண்டே இருக்கிறது என்பதையும் பிற்பாடு ஜப்பானின் கோஸி அசாடா விரிவாக ஆராய்ந்தார்.

உச்சிவெயிலில் நிலக்கடலைச் செடியைப் பார்த்தவர்கள், அதன் இலைகள் கூம்பிக்கொள்வதைக் கவனித்திருப்பார்கள். நெல் இலை சுருட்டிக்கொள்ளும். ஆவியாதலைக் குறைக்கத்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது உண்மைதான். ஆனால் கூம்பிய கடலை இலை வெயிலுக்குத் தன் தட்டையான முகத்தைக் காட்டாமல் விளிம்பைக் காட்டுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாங்கும் வெளிச்சத்தையே அது குறைத்துக்கொள்கிறது. இதற்குப் பிறகும் தப்பி உள்ளே வரும் வெளிச்சத்துக்கு அடுத்த ஏற்பாடு ஒன்று உண்டு. மக்காச்சோள மணிக்கு மஞ்சள் நிறம் தருகிற ஸியாசாந்தின் என்ற நிறமி, வெயில் அதிகமாகும்போது இலைக்குள் சில நிமிடங்களில் உருவாகிறது. மிகையான ஒளியாற்றல் எலெக்ட்ரானாக மாறும் முன்பே அதை வெப்பமாக்கி வெளியே விட அது உதவுகிறது. மேகம் மறைத்தால் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது.

அதையும் மீறிச் சிந்துவதைத் துடைப்பதற்குத்தான் ஆன்டி-ஆக்சிடன்ட்கள்.

இந்தச் சொல்லை நாம் முதலில் கேட்டது பெரும்பாலும் மருந்துக்கடை விளம்பரத்திலோ கிரீன் டீ பாக்கெட்டிலோ இருக்கும். அதனால் ஆன்டி-ஆக்சிடன்ட் என்றாலே நன்மை, எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் படிந்துவிட்டது. செடி அப்படி நினைப்பதில்லை. முருங்கைக்கீரையில் நாம் தேடும் வைட்டமின் சி, முருங்கை நமக்காகச் செய்துவைத்தது அல்ல. ஆக்சிஜனை வெளிச்சத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பிழைக்க வேண்டிய ஓர் உயிருக்கு அது அன்றாடத் தேவை.

சூப்பர் ஆக்சைடைக் கையாளும் நொதியின் கதை செடியில் தொடங்கவில்லை. மாட்டு ரத்தத்தில் தொடங்கியது. செம்பு கலந்த ஒரு புரதம் ரத்தச் சிவப்பணுக்களில் இருப்பது 1938 முதலே தெரியும். அது என்ன வேலை செய்கிறது என்பதுதான் தெரியவில்லை. 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டு என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் இர்வின் ஃபிரிடோவிச்சும், அதன் வேலை சூப்பர் ஆக்சைடை ஒழிப்பதே என்று நிறுவினார்கள். சூப்பர் ஆக்சைடு டிஸ்ம்யூட்டேஸ் என்ற அந்த நொதி, ஆக்சிஜனில் வாழும் ஏறத்தாழ எல்லா உயிர்களிலும் இருக்கிறது. ஆனால் அது வேலையைப் பாதியில் விடுகிறது. சூப்பர் ஆக்சைடை அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும், அவ்வளவுதான். ஹைட்ரஜன் பெராக்சைடு அங்கே தேங்கினால், மிகக் குறைந்த அளவிலேயே சர்க்கரை தயாரிக்கும் நொதிகளை முடக்கிவிடும். பக்கத்தில் கட்டற்ற இரும்பு அயனி ஒன்று இருந்துவிட்டால், எல்லாவற்றிலும் மோசமான ஹைட்ராக்சில் ரேடிக்கலாக மாறும். அதைத் துடைக்க எந்த நொதிக்கும் நேரம் கிடைக்காது. பிறந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பதைக் கடித்துவிடும்.

மீதிப் பாதி வேலையை எது செய்கிறது என்பதற்கு 1976இல் லண்டனில் கிறிஸ்டின் ஃபாயரும் பேரி ஹாலிவெல்லும் விடை சொன்னார்கள். வைட்டமின் சி தன் எலெக்ட்ரானைக் கொடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராக்குகிறது. எலெக்ட்ரானை இழந்த வைட்டமின் சி-க்கு குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு எலெக்ட்ரானைத் திருப்பித் தருகிறது. குளுட்டாதயோனுக்கு யார் தருவது? ஒளிச்சேர்க்கையே தருகிறது. ஆக, வெளிச்சத்தால் வந்த தொல்லையைத் துடைக்கிற செலவும் வெளிச்சத்தின் கணக்கிலேயே போகிறது. செலவாகாமல் மிஞ்சிய எலெக்ட்ரான்களுக்கு இது ஒரு வடிகால். இந்தச் சுழற்சியில் நாலைந்து நொதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மரபணு இருக்கிறது. அவற்றில் ஒன்றை மட்டும் பிடித்து இழுத்தால் மற்றவை கூட வருமா என்பதுதான் மரபணுப் பொறியாளர்களின் தலைவலி.

முதலில் அவர்கள் இழுத்தது சூப்பர் ஆக்சைடு டிஸ்ம்யூட்டேஸை. 1990இல் பெட்டுனியாச் செடியின் அந்த மரபணுவைப் புகையிலையில் புகுத்திப் பார்த்தார்கள். நொதி ஏராளமாக உருவானது. தாங்கும் திறன் கூடவில்லை. 1993இல் வேறொரு குழு பட்டாணியின் மரபணுவை எடுத்து அதே புகையிலையில் புகுத்தியது. இம்முறை பலன் தெரிந்தது. ஏன் என்று தோண்டியபோது, அந்தச் செடிகளில் ஹைட்ரஜன் பெராக்சைடைத் துடைக்கும் அடுத்த நொதியும் தானாகவே கூடியிருந்தது தெரியவந்தது. முதல் கதவை மட்டும் அகலமாக்கிப் பயனில்லை, அடுத்ததும் அகல வேண்டும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் இதே வகை நொதியைக் குதிரைமசாலில் புகுத்தி, சட்டியில் மட்டுமல்லாமல் வயலிலும் சில ஆண்டுகள் வளர்த்து, மகசூலும் பிழைக்கும் திறனும் மேம்பட்டதாக 1996இல் எழுதினார்கள். அன்றைக்கு அது பெரிய நம்பிக்கை.

சென்னைத் தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடாவின் குழு இன்னொரு கோணத்தில் யோசித்தது. சொகுசாக வளரும் செடியின் மரபணுவை எடுப்பதைவிட, கஷ்டத்திலேயே வாழப் பழகிய செடியிடம் கேட்பது மேல் அல்லவா? கடலோர உப்புச் சேற்றில் நிற்கும் வெண்கண்டல் மரத்திலிருந்து சூப்பர் ஆக்சைடு டிஸ்ம்யூட்டேஸ் மரபணுவை எடுத்துப் பூசா பாஸ்மதி நெல்லில் வைத்தார்கள். 2008இல் முடிவுகள் வெளிவந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்கள் எழுதிய மற்றொரு கட்டுரையின் நாயகன், தமிழ்நாட்டில் யாருக்கும் அறிமுகம் தேவைப்படாத ஒரு மரம்: சீமைக்கருவேலம்.

ராமநாதபுரத்தில் சித்திரை வெயிலில் மற்றெதுவும் பச்சையாக இல்லாதபோது இது மட்டும் பச்சையாக நிற்பதை நாம் வசவோடுதான் பார்க்கிறோம். வெட்டி எறிய நீதிமன்றமே உத்தரவு போட்ட மரம் அது. எரிச்சல் நியாயமானது. ஆனால் வறட்சியைத் தாங்குவது எப்படி என்று படிக்க வேண்டுமானால் இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது கடினம். அந்தக் குழு இம்மரத்திலிருந்து குளுட்டாதயோன்-எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதியின் மரபணு ஒன்றைப் பிரித்தெடுத்தது. கொழுப்பு சிதையும்போது உண்டாகும் நச்சுத் துணுக்குகளோடு குளுட்டாதயோனை ஒட்டவைத்து அவற்றை அப்புறப்படுத்துவது இவ்வகை நொதிகளின் வேலை. இந்தக் குறிப்பிட்ட நொதி பசுங்கணிகத்துக்குள்ளேயே போய்த் தங்குகிறது. அதாவது விபத்து நடக்கும் இடத்திலேயே. அதைப் பெற்ற புகையிலை, பெறாத புகையிலையைவிட வறட்சியை நன்றாகத் தாங்கியது.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அது விளம்பரமாகிவிடும். சீமைக்கருவேலம் கோடையில் பச்சையாக நிற்க முதல் காரணம் அதன் வேர். அரிசோனாவில் சுரங்கம் தோண்டும்போது, இதன் சுற்றத்து மரம் ஒன்றின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். வேரை ஒரு மரபணுவாகப் பெயர்த்து எடுத்துவர முடியாது. முடிந்ததை எடுத்து வந்தார்கள். வேர் விஷயத்திலும் நகர்வு உண்டு: பிலிப்பைன்ஸ் மேட்டுநில நெல் ஒன்றில், வேர் பக்கவாட்டில் பரவாமல் செங்குத்தாக இறங்கச் செய்யும் மரபணு இருப்பதை 2013இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்து, ஐ.ஆர். 64 ரகத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆழத்தில் ஈரம் இருந்தால் அது போதும். ஆழத்திலும் ஈரம் இல்லாத இடத்தில் மறுபடியும் இலைக்குத்தான் வர வேண்டும்.

என்னைக் கேட்டால், ஆன்டி-ஆக்சிடன்ட்டுக்கும் வறட்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வந்த ஆய்வுகளில் மிக அழகாகத் திட்டமிடப்பட்டது 2014இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு மையத்திலிருந்து வந்தது. ரியோ நகாபயாஷியும் கசுகி சைட்டோவும் அதில் முக்கியமானவர்கள். அரபிடாப்சிஸ் என்ற, கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி அவர்களுடைய ஆய்வுப்பொருள். அதில் ஆந்தோசயனின் என்ற செவ்வூதா நிறமியின் உற்பத்தியை முடுக்கும் மரபணு ஒன்று உண்டு. ஃபிளாவனால் என்ற நிறமற்ற சேர்மங்களை முடுக்கும் மரபணு இன்னொன்று. ஆந்தோசயனின் நமக்குப் பழக்கமானதுதான்: மாந்தளிரின் செம்மை, கத்தரிக்காயின் ஊதா, நாவல் பழத்தின் நிறம் எல்லாம் அந்தக் குடும்பம். முதல் மரபணுவை உச்சத்தில் இயக்கிய செடிகளிலும், இரண்டாவதை இயக்கிய செடிகளிலும், இரண்டையும் சேர்த்து இயக்கியவற்றிலும் இந்தச் சேர்மங்கள் குவிந்தன. தண்ணீரை நிறுத்தியபோது இவை சாதாரணச் செடிகளைவிட நன்றாகத் தாங்கின. நாம் தொடக்கத்தில் பார்த்த பாராகுவாட்டின் கொடுமையையும் அப்படியே.

பலர் இங்கேயே நிறுத்திக்கொண்டு கட்டுரை எழுதிவிடுவார்கள். ஆனால் சந்தேகப்பட இடம் இருக்கிறது. ஒரு முடுக்கி மரபணு ஒரே ஒரு வேலையைச் செய்வதில்லை. அது நிறையப் பிற மரபணுக்களையும் எழுப்பிவிடும். செடி தாங்கியது நிறமியாலா, அல்லது கூட எழுந்த வேறெதனாலுமா? இதைப் பிரித்துப் பார்க்க அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆந்தோசயனினும் ஃபிளாவனாலும் ஃபிளாவனாய்டு என்ற ஒரே குடும்பம்; அதன் தயாரிப்பில் முதல் படிக்கான நொதியே இல்லாமல் பிறந்த செடி ஒன்று ஆய்வகங்களில் உண்டு. அதில் எந்த ஃபிளாவனாய்டும் உருவாகாது. விதைத்தோல்கூட நிறமின்றி வெளிறி இருக்கும். முடுக்கி மரபணு உள்ள செடியை இதோடு கலப்பினம் செய்தார்கள். பிறந்த செடிகளில் முடுக்கி உச்சத்தில் ஓடுகிறது, ஆனால் சேர்மம் உருவாக வழியில்லை. தாங்கும் திறன் போய்விட்டது. ஆக, காப்பாற்றியது அந்தச் சேர்மங்கள்தான். மரபணுவின் புகழையும் சேர்மத்தின் புகழையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

இருந்தும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஆந்தோசயனின் குடியிருப்பது செல்லின் நடுவில் உள்ள நீர்ப்பையில். சூப்பர் ஆக்சைடு பிறப்பது பசுங்கணிகத்தில். இருவருக்கும் இடையில் சவ்வுகள் இருக்கின்றன. சூப்பர் ஆக்சைடு அவற்றைத் தாண்டாது. ஹைட்ரஜன் பெராக்சைடு தாண்டும் என்பதால் அது நீர்ப்பைக்குள் வந்து, அங்கே உள்ள நொதிகளின் துணையோடு ஃபிளாவனாய்டுகளால் துடைக்கப்படுகிறது என்பது ஒரு விளக்கம். நிறமி ஒரு திரைபோல நின்று பச்சையத்துக்குப் போகும் வெளிச்சத்தையே குறைக்கிறது என்பது இன்னொரு விளக்கம். மாமரம் தன் இளந்தளிருக்குச் செந்நிறம் பூசுவதும் இதற்காகத்தான் என்று வாதிடுவோர் உண்டு, மறுப்போரும் உண்டு. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். போகிறபோக்கில் ஒன்று: கறுப்புக் கவுனி அரிசியில் ஆந்தோசயனின் இருக்கிறது என்பதால் அந்த நெல் வறட்சியைத் தாங்கும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானிக்கலாம். அந்தக் கருமை அரிசியின் தவிட்டுப் படலத்தில் இருக்கிறது. வெயிலோடு மல்லுக்கட்டுவது இலை.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னும் கூர்மையான சாட்சி காப்புச் செல்களில் கிடைத்தது. அமெரிக்காவில் குளோரியா மூடேயின் குழு தக்காளியிலும் அரபிடாப்சிஸிலும் பார்த்தது இது: துளையை மூடச் சொல்லும் அப்சிசிக் அமிலத்தின் கட்டளை, காப்புச் செல்லுக்குள் வினைமிகு ஆக்சிஜன் (சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை) மூலமாகத்தான் கடத்தப்படுகிறது. ஹார்மோன் வந்ததும் செல்லே வேண்டுமென்று ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. அதுதான் அடுத்தடுத்த வேலைகளைத் தொடங்கிவைக்கிறது. அங்கே ஃபிளாவனால் நிறைய இருந்தால் அந்தச் செய்தியையும் துடைத்துவிடுகிறது. துளை மூடத் தயங்குகிறது. இலையின் உட்புறத்தில் செடியைக் காப்பாற்றிய அதே குடும்பச் சேர்மம், இரண்டு செல் தள்ளி இருந்தால் தண்ணீரை வீணாக்கும்.

ஆகவே, வினைமிகு ஆக்சிஜனை வெறும் விஷமாகப் பார்ப்பது தவறு. அது செடியின் அபாய அறிவிப்பும்கூட. 2009இல் ரான் மிட்லரின் குழு காட்டியதுபோல, ஓர் இலையைக் காயப்படுத்தினால் செல்லிலிருந்து செல்லாக ஓர் ஆக்சிஜன் அலை கிளம்பி நிமிடத்துக்கு 8 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செடி முழுக்கப் பரவுகிறது. நரம்பே இல்லாத உயிருக்கு இது நல்ல வேகம். எல்லா இடத்திலும் எப்போதும் ஆன்டி-ஆக்சிடன்ட்டை நிரப்பிவைத்தால் அந்த அலை கிளம்பாது. அபாயம் தெரியாத செடி, அபாயத்துக்குத் தயாராவதும் இல்லை.

எப்போது என்ற கேள்விக்கு வருவோம். 1998இல் கசுவோ ஷினோசாகி, கசுகோ யாமாகுச்சி-ஷினோசாகி ஆகியோரின் குழு, வறட்சியிலும் குளிரிலும் பல தற்காப்பு மரபணுக்களை ஒரே நேரத்தில் எழுப்பும் புரதங்களைக் கண்டுபிடித்தது. ட்ரெப் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றில் ஒன்றான ட்ரெப் 1ஏ-வின் மரபணுவை எந்நேரமும் இயங்கும்படி வைத்தபோது செடி வறட்சியைத் தாங்கியது. ஆனால் குள்ளமாகிப் போனது. நாளெல்லாம் சண்டைக்கு ஆயத்தமாக நிற்கிற செடிக்கு வளர நேரம் ஏது? அடுத்த ஆண்டே அவர்கள் அந்த மரபணுவுக்கு முன்னால் வேறொரு தொடக்கியை வைத்தார்கள்: வறட்சி வந்தால் மட்டும் இயங்குவது. குள்ளத்தன்மை பெரும்பாலும் மறைந்தது, தாங்கும் திறன் நின்றது. மரபணு அதேதான், அது விழித்துக்கொள்ளும் நேரம் மட்டும் மாறியது.

இந்தத் திருத்திய ஏற்பாட்டை ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் நம்முடைய மானாவாரிப் பயிரான நிலக்கடலையில் வைத்துப் பார்த்தது. சில வரிசைகள், குடிக்கும் தண்ணீருக்குச் சாதாரணக் கடலையைவிட அதிக வளர்ச்சியைக் கொடுத்தன. இந்த மேம்பாட்டுக்கு ஆன்டி-ஆக்சிடன்ட்கள் காரணமா என்று அவர்களே தனியாகச் சோதித்தார்கள். 2009இல் வெளிவந்த விடை: இல்லை. ஆன்டி-ஆக்சிடன்ட் நொதிகளின் அளவு செடிக்குச் செடி மாறியது. ஆனால் நீர்ச் சிக்கனத்தோடு அது எந்தத் தொடர்பும் காட்டவில்லை. இப்படிப்பட்ட முடிவுகளுக்கு மாலை மரியாதை கிடைப்பதில்லை. எனக்கு இது ரிக்கென் ஆய்வுக்குச் சமமாகப் பிடிக்கும். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது ஒரு திறமை, வெளிச்சம் சுடும்போது கருகாமல் இருப்பது வேறு திறமை என்பதை அது ஒரே வாக்கியத்தில் பிரித்துவிடுகிறது. ஆன்டி-ஆக்சிடன்ட் இரண்டாவதற்குத்தான்.

ஆய்வகச் சட்டியில் தாங்கியது வயலில் ஏன் தாங்குவதில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். சட்டியில் நடக்கும் சோதனை பெரும்பாலும் இப்படி: பத்துப் பதினைந்து நாள் தண்ணீரை நிறுத்துவது, பிறகு ஊற்றுவது, எத்தனை செடி பிழைத்தது என்று எண்ணுவது. சிறிய செடி குறைவாகக் குடிக்கும், சட்டி மண்ணில் ஈரம் கூட நாள் நிற்கும், ஆகவே அது பிழைக்கும். மரபணுவுக்குப் பெயர் கிடைக்கும். விவசாயிக்குப் பிழைத்த செடியின் எண்ணிக்கையால் ஆவதொன்றுமில்லை. மூட்டை எத்தனை என்பதுதான் கேள்வி. அதனால்தான் ஆயிரக்கணக்கான கட்டுரைகளுக்குப் பிறகும் வயலுக்கு வந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அமெரிக்காவில் பாக்டீரியா மரபணு ஒன்றைத் தாங்கிய மக்காச்சோளம். அர்ஜென்டினாவில் ராக்கெல் சானின் குழு சூரியகாந்தியிலிருந்து எடுத்த மரபணுவைக் கொண்ட எச்.பி. 4 கோதுமை. அந்தக் கோதுமைக்கு அந்நாடு 2020இல் அனுமதி தந்தது. அந்த மரபணுவும் ஆன்டி-ஆக்சிடன்ட் நொதியைத் தருவது அல்ல. வறட்சி கண்டதும் பயிர் அவசரப்பட்டு முதுமையடைவதை அது தள்ளிப்போடுகிறது.

மனிதர்கள் செய்தது இவ்வளவு. இயற்கை செய்ததைப் பார்க்க ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குப் போக வேண்டும்.

அங்கே பாறைச் சரிவுகளில் மைரோதாம்னஸ் என்ற புதர் வளர்கிறது. மழை நின்றால் தன் நீரில் 95 சதவீதத்துக்கு மேல் இழந்து, விசிறி இலைகளை மடித்துச் சுள்ளியாகிவிடும். விரலால் நசுக்கினால் பொடியாகும். மழை பெய்தால் ஓரிரு நாளில் பச்சையாகும். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஜில் ஃபாரன்ட் பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட ‘உயிர்த்தெழும் செடி’களை ஆராய்ந்துவருகிறார். இவற்றின் முன்னாலும் நிற்கும் சிக்கல் அதே வெளிச்சம்தான். அதை இவை இரண்டு விதமாகத் தீர்க்கின்றன. ஸெரோஃபைட்டா என்ற பேரினம், காயத் தொடங்கியதும் தன் பச்சையத்தையே கலைத்துவிடுகிறது. வெளிச்சத்தை வாங்கும் பொறியே இல்லையென்றால் சிந்துவதற்கும் ஒன்றும் இல்லை. நனைந்த பிறகு எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும், ஆகவே எழுவதற்குக் கொஞ்சம் தாமதம். மைரோதாம்னஸ் பச்சையத்தைக் கலைப்பதில்லை. இலையை மடித்து, வெளியில் தெரியும் பக்கத்தில் ஆந்தோசயனினை நிரப்பி, செல்களுக்குள் பாலிஃபீனால்களைக் குவித்துவைத்துக் காத்திருக்கிறது.

எத்தனை நாள் காத்திருக்கும்? 2002இல் இல்ஸே கிரானரும் கூட்டாளிகளும் இதைச் சோதித்தார்கள். நான்கு மாதம் காய்ந்துகிடந்த செடிகள் எழுந்தன. எட்டு மாதம் கிடந்தவை எழவில்லை. அவற்றில் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, குளுட்டாதயோன் அமைப்பு குலைந்துபோயிருந்தது. இரண்டுமே ஒரே அளவு காய்ந்தவைதான். இருப்பு தீர்ந்த கடை மட்டும் திரும்பத் திறக்கவில்லை.

ஸெரோஃபைட்டாவில் கண்டெடுத்த ஒரு நொதிதான் ஆய்வாளர்களை வேறு திசைக்குத் திருப்பியது. ஹைட்ரஜன் பெராக்சைடைத் துடைக்கும் அந்த நொதி, பார்லி போன்ற மற்றச் செடிகளில் விதைக்குள் மட்டுமே காணப்பட்ட வகை. இங்கே அது இலையில் இருந்தது. மேலும் தேடியபோது, சவ்வுகளையும் புரதங்களையும் உலர்ந்த நிலையில் தாங்கிப்பிடிக்கும் லீ புரதங்கள், செல்லுக்குள் கண்ணாடிபோல உறையும் சர்க்கரைகள் என்று விதையின் முழுத் தளவாடமும் இலைக்கு வந்திருந்தது. ஃபாரன்ட் சொல்லிவருவதன் சாரம் இது: உயிர்த்தெழும் செடி புதிய மரபணு எதையும் கண்டுபிடிக்கவில்லை, விதை முதிரும்போது ஒரேயொரு முறை இயங்க வேண்டிய மரபணுக்களை, இலையில் வேண்டும்போதெல்லாம் இயக்கக் கற்றுக்கொண்டது.

அப்படியென்றால் அந்த மரபணுக்கள் நெல்லிலும் சோளத்திலும் ஏற்கெனவே இருக்கின்றன. பதமாகக் காயவைத்த விதைநெல்லின் ஈரம் 12, 13 சதவீதம்தான். அது குதிரில் ஒரு வருடம் கிடந்து முளைக்கிறது. அந்தத் திறன் முளைத்த பிறகு தொலைந்துபோகிறது. துல்லியமாகச் சொன்னால், தண்ணீர் குடித்த முதல் சில மணி நேரம் தொலையாமல் இருக்கிறது. முளைவேர் வெளியே வந்ததும் போய்விடுகிறது. இலையில் அதை மறுபடி எழுப்பும் விசை எது என்பதைத் தேடுவதுதான் இப்போதைய வேலை.

அந்தச் சில மணி நேர இடைவெளியை, மரபணுவைத் தொடாமலே பயன்படுத்தும் வழி ஒன்று மானாவாரிக் காடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. விதையைக் கடினப்படுத்துதல் என்பார்கள். சோள விதையை 2 சதவீத பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கே திரும்பக் காயவைத்து விதைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஊறும்போது விதை விழித்து, பழுதான இடங்களைச் சரிசெய்து, ஆன்டி-ஆக்சிடன்ட் நொதிகளைக் கூட்டிக்கொள்ளத் தொடங்குகிறது. அந்தக் கட்டத்திலேயே அதைத் திரும்பக் காயவைக்கிறோம். பிறகு விதைத்தால், ஈரம் குறைந்த மண்ணிலும் சீராகவும் விரைவாகவும் முளைக்கிறது. நேரத்தில் மட்டும் கவனம் வேண்டும். ராத்திரி ஊறப்போட்டு மறந்து, காலையில் வந்து பார்க்கும்போது முளை கட்டியிருந்தால், அந்த விதையைக் காயவைக்கக் கூடாது. உடனே விதைத்துவிட வேண்டியதுதான்.